சந்தனம் வைத்த துவக்கு

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் தங்கையின் மகள். அவளை விட்டுப்போட்டு நான் ஒருநாளும் கணக்குச் சொன்னதில்லை. ஐந்து பேரையும் படிப்பித்துக் கலியாணம் கட்டிக் கொடுத்தாயிற்று. ஒருவரும் எனக்குப் புத்தி சொல்லுகிற மாதிரி நான் நடந்ததும் இல்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். பரவாயில்லை, எனக்கு ஷிப்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

எழுத வந்தது எங்கள் வீட்டுத் துவக்கைப் பற்றி, துப்பாக்கி என்றும் சொல்வார்கள். பயப்படாதேயுங்கோ, காற்றுத் துவக்குத்தான். அது சுடவில்லை. சுடாததற்குக் காரணம் நான். ஆறு வருடமாக இவர், என் மனுசன், தன்னுடைய கண்ணையும் கையையும்தான் குற்றம் சொல்லிக்கொண்டு இருக்கிறார். நான் வாய் திறக்கவில்லை. இனித் திறக்க வேண்டும், அதுவும் வருகிற செவ்வாய்க்கிழமைக்கு முன். ஏன் செவ்வாய்க்கிழமை என்று பிறகு சொல்கிறேன்.

இவருக்கு ஒரு பன்றிக் கதை இருந்தது. இருபது வயதில், வன்னியில் தகப்பனின் வயலுக்குள் இறங்கின காட்டுப்பன்றியை ஒரே வெடியில் விழுத்தினாராம். கலியாணம் கட்டின புதிதில் எனக்குச் சொன்னபோது ஒரு பன்றி. லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் வீடு எடுத்தபோது இரண்டு. மூத்தவளின் கலியாணத்தன்று மூன்று, குட்டிகள் கணக்குக்குப் புறம்பு. நான் திருத்தவில்லை. முப்பது வருடம் மழைக்குள்ளும் பனிக்குள்ளும் பஸ் ஓட்டின மனுசன். போகிற வழியில் இரண்டு பன்றி கூட ஏறினால் ஏறட்டுமே.

அந்தக் கதையை அவர் சொல்லுகிற வடிவே வேறு. எழும்பி நிற்பார். சாப்பாட்டு மேசையில் இருக்கிற அகப்பையை எடுத்துத் தோளில் வைப்பார். ஒரு கண்ணை மூடுவார். எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "டும்" என்பார். சின்னப் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் துள்ளி விழுவார்கள்.

சரி, துவக்கு வந்த கதை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு கோடை. லண்டனில் வெயில் தொடர்ந்து நான்கு நாள் எறிக்கும் என்று ரேடியோவில் சொன்னால் நான் இரவே உளுந்தை ஊறப்போட்டுவிடுவேன். வேப்பம்பூ வடகம் போடுவது எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற மகளுக்கும், எட்மண்டனில் இருக்கிற சம்பந்தி வீட்டுக்கும், கோயிலில் பழக்கமான நாலைந்து பேருக்கும் என் வடகம்தான். ஊரிலிருந்து பார்சலில் வருகிறதை விட என்னுடையது நல்லது என்று நான் சொல்வதில்லை. மற்றவர்கள் சொல்வார்கள், நான் மறுப்பதில்லை.

காயப்போட இடம் வேண்டுமே. எங்கள் வீட்டுப் பின்வளவில் பேரப்பிள்ளைகள் ஏறித் துள்ளுகிற ட்றம்போலின் ஒன்று நிற்கிறது. வட்டமான கறுப்பு மெத்தை. வெயில் பட்டால் தோசைக்கல் மாதிரிச் சுடும், கீழே காற்றும் ஓடும். வடகத்துக்கு அதைவிட நல்ல இடம் இந்த நாட்டில் இல்லை. வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து நானூறு வடகம் தட்டி வைத்தேன். பேரப்பிள்ளைகளுக்கு நான்கு நாள் துள்ளத் தடை.

அணிலுக்குத் தடை போட ஏலுமோ? முதல்நாள் ஒன்று வந்தது. மெத்தையில் குதித்தவுடன் மெத்தை அதைத் தூக்கி எறிந்தது. வெருண்டு ஓடிப்போய்விட்டது. இரண்டாம் நாள் திரும்பவும் வந்து மெதுவாகக் கால் வைத்துப் பார்த்தது. மதியத்துக்குள் துள்ளப் பழகிவிட்டது. ஒரு துள்ளு, ஒரு வடகம். இன்னொரு துள்ளு, இன்னொரு வடகம். நான் குசினியில் சமைத்துக்கொண்டே யன்னலைத் தட்டினால் திரும்பிப் பார்க்கும், பிறகு இரண்டு கையாலும் பிடித்துக் கடிக்கும்.

இவர் என் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இஞ்சரும், இதுக்கு ஒரு துவக்குத்தான் வேணும்," என்றார்.

"அணிலைச் சுடுறது பாவமப்பா."

"எங்கட அணிலைத்தான் சுடக்கூடாது. அதின்ர முதுகில கடவுள் தடவின மூண்டு கோடு கிடக்கு. இதை வடிவாப் பாரும். கோடு கிடக்கோ?"

பார்த்தேன். சாம்பல் நிறம். ஒரு கோடும் இல்லை.

"இல்லைத்தான்."

"அப்ப இது அணில் இல்லை. வால் சடைச்ச எலி."

"எலியெண்டாலும் கொல்லாதேங்கோ. வெருட்டி விட்டாக் காணும்."

"முதல் வெடி வெருட்ட," என்றார். "ரெண்டாவது அதின்ர பொறுப்பு."

அடுத்தநாளே எசெக்ஸ் பக்கம் ஒரு கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தார். பதினெட்டு வயது ஆகிவிட்டதோ என்று கேட்டுக் கடைக்காரன் அத்தாட்சி கேட்டானாம். எழுபத்தைந்து வயது மனுசனிடம்! அதை ஒரு கிழமையாக எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்னார். பூட்டி வைக்க வேண்டும், றோட்டில் எடுத்துக்கொண்டு திரியக் கூடாது, குண்டு எங்கள் வேலியைத் தாண்டக் கூடாது என்றும் கடைக்காரன் சொல்லி விட்டிருக்கிறான். துவக்கு ஒரு நீட்டுப் பையில் வந்தது. ஃபாரஸ்ட் கேட் மகள் அதைக் கண்டுவிட்டுத் திரைச்சீலைக் கம்பி என்று நினைத்தாள்.

இனித்தான் என்னுடைய பகுதி.

எங்கள் வீட்டுக்குள் ஒரு புதுச் சாமான் வந்தால் சாமித் தட்டுக்கு முன்னால் வைத்து, விபூதி சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டாமல் ஒருத்தரும் தொடக் கூடாது. இது என் சட்டம். குளிர்பெட்டிக்கு வைத்தேன். உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு வைத்தேன். கவுன்சில் தந்த குப்பை வாளிக்கும் வைத்தேன், எங்கள் வாளியில் இன்னும் பொட்டு இருக்கிறது, அதனால் ஒருநாளும் அடுத்த வீட்டு வாளியோடு மாறிப்போவதில்லை. அப்படியிருக்க, வீட்டுக்கு வந்த முதல் துவக்கை நான் சும்மா விடுவேனோ?

வெள்ளிக்கிழமை காலை தலைக்கு வார்த்துவிட்டு வந்து துவக்கைச் சாமிக்கு முன்னால் கிடத்தினேன். தோளில் வைக்கிற கட்டையில் மூன்று குறி விபூதி. இழுக்கிற விசையில் ஒரு பூ. பிறகு சந்தனம். பன்னீர் விட்டு இறுக்கமாகக் குழைத்து வைத்திருந்தேன். எங்கே வைக்கிறது என்று யோசித்தேன். காருக்கு என்றால் முகப்பில் வைக்கிறோம். துவக்குக்கு முகம் எது? அதன் வாய்தானே. குழல் வாயைச் சுற்றி அழகாக வைத்தேன். கொஞ்சம் உள்ளே போயிற்று. உள்ளே போனால் என்ன, குண்டு வருகிறது உள்ளேயிருந்துதானே, அதற்கும் ஆசி கிடைக்கட்டும் என்று நினைத்து, ஊதுபத்திக் குச்சியால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். நல்லாகத் தள்ளினேன். வெளியே ஒரு குங்குமப் பொட்டு.

இவர் பார்த்துவிட்டு, "நல்ல வடிவாயிருக்கு," என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அன்றைக்கே சுட்டிருந்தால் ஈரச் சந்தனம் பறந்து போயிருக்கும். இவர் பஞ்சாங்கம் பார்த்தார். வெள்ளி சரியில்லை, சனி சரியே இல்லை. ஞாயிறு காலை நல்ல நேரம் என்று முடிவாயிற்று. இரண்டு நாளும் அறைக்குள் சூடு. சந்தனம் சுவர் மாதிரி இறுகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எட்மண்டன் சம்பந்தியையும் வரச் சொன்னார். சம்பந்தி என்றால் இரண்டாவது மகளின் மாமனார். ஊரில் தபாலதிபராக இருந்தவர். சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றுகிற மனுசன். பன்றிக் கதையை நாற்பது முறை கேட்டிருப்பார். வரும்போது அவரும் சும்மா வரவில்லை. கக்கத்துக்குள் ஒரு பெரிய பெட்டி.

"என்ன சம்பந்தி அது?" என்று கேட்டார் இவர்.

"தண்ணித் துவக்கு அண்ணை. பற்றறியில வேலை செய்யும். நாப்பது அடி பாயுமெண்டு பெட்டியில படம் போட்டிருக்கு. நீங்கள் தவறவிட்டால் ஒரு உதவிக்கு."

"நான் தவறவிடுறதோ?"

"பண்டியெண்டால் பெரிய உருப்படி, அண்ணை. அணில் சின்னன். அதுதான் சொன்னனான்."

ஃபாரஸ்ட் கேட் மகள் தன் பிள்ளையை, என் பேத்தியை, உள்ளே இழுத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். அப்போது பேத்திக்கு ஒன்பது வயது. மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றாள். ட்றம்போலினுக்குப் பின்னால் தோட்டத்துக்குப் போடுகிற பசளை மண் மூட்டைகளைச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தோம், குண்டு வேலி தாண்டாமல் இருக்க. இவர் வேட்டியை மடித்துக் கட்டி, காலில் வெள்ளைச் சப்பாத்துப் போட்டு, பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன், பொய் சொல்லக் கூடாது. நாற்பத்தெட்டு வருடமாகக் கேட்ட கதையை அன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கப் போகிறேன்.

அணில் நேரம் தவறாமல் வந்தது. துள்ளி ஏறியது. ஒரு வடகத்தை எடுத்தது.

இவர் குழலை மடித்து, குண்டைப் போட்டு, நிமிர்த்தி, தோளில் வைத்தார். ஒரு கண்ணை மூடினார். அதே வடிவு, அகப்பை இல்லை என்கிற ஒன்றுதான் வித்தியாசம். விசையை இழுத்தார்.

"ப்புஸ்."

அவ்வளவுதான். சைக்கிள் சில்லில் காற்றுப் போன சத்தம். குழல் வாயிலிருந்து மஞ்சளாக ஒரு சின்னக் கட்டி கழன்று சீமெந்தில் விழுந்தது.

மற்ற எல்லாரும் அணிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கட்டியைப் பார்த்தேன். பார்த்தவுடன் விளங்கிவிட்டது. ஒரு அடி முன்னால் போய் அதன் மேல் கால் செருப்பை வைத்தேன். என் கால் அங்கே போனதை நான் யோசித்துச் செய்யவில்லை. ஆனால் கால் அங்கேயே நின்றதே, அதை யோசித்துத்தான் செய்தேன்.

"காத்துக் காணாது, இன்னும் வேணும்," என்றார் இவர். திரும்ப மடித்தார், இன்னொரு குண்டு. "ஙீக்" என்று ஒரு முனகல். அணில் நிமிர்ந்து பார்த்தது.

"அது வெருண்டிட்டுது அண்ணை," என்றார் சம்பந்தி. "அடுத்த வடகத்தை மெல்ல எடுக்குது பாருங்கோ."

மூன்றாவது முறை. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். குழல் இருமியது. ஒரு ஈயக் குண்டு மெதுவாக வெளியே வந்து, வாயில் ஒரு கணம் நின்று, கீழே விழுந்து, உருண்டு உருண்டு சம்பந்தியின் காலடிக்குப் போயிற்று. சம்பந்தி குனிந்து எடுத்து நீட்டினார்.

"அண்ணை, உங்கட மருந்துக் குளிசை விழுந்திட்டுது."

உள்ளே மகள் சிரித்த சத்தம் கண்ணாடியைத் தாண்டி வந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. இவருடைய முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அந்த நேரம் சம்பந்தி தன்னுடையதைக் கையில் எடுத்தார். "தள்ளுங்கோ, தபால் கந்தோர் வருது," என்றார். பொத்தானை அமத்தினார். முதலில் ஒன்றும் வரவில்லை. துவக்கைத் திருப்பி வாயை உற்றுப் பார்த்தார். பார்க்கும்போது வந்தது. மூக்குக் கண்ணாடி, மீசை, போட்டிருந்த புதுச் சேட்டு எல்லாம் தண்ணீர். துடைத்துக்கொண்டு அணில் பக்கம் திருப்பினார். நாற்பது அடி எங்கே, நாலு அடி பாய்ந்தது. கிட்டப் போய் அடித்தார். அணில் வேலியில் ஏறிவிட்டது, தண்ணீர் முழுக்க என் வடகத்துக்கு. நிறுத்துகிற பொத்தான் எது என்று அவருக்குத் தெரியவில்லை. தாங்கி காலியாகும் வரைக்கும் அடித்தது. வெள்ளிக்கிழமை புதிதாகத் தட்டி இரண்டு நாள் காய்ந்த வடகம் முழுக்க வேட்டியில் கஞ்சியாக ஓடியது. பிறகு அணில் இறங்கி வந்து மணந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் போய்விட்டது.

சம்பந்தியும் அன்றைக்கு நனைந்துதான் வீட்டுக்குப் போனார். ஆனால் அவருக்கு அது ஒரு பகிடி. காரில் ஏறும்போதே யாருக்கோ போன் பண்ணிச் சிரித்துக்கொண்டு போனார். இவருக்கு அப்படி இல்லை.

நான் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் சம்பந்தி காதில் விழுந்தால், தேநீர் ஆறுவதற்குள் எட்மண்டன் முழுக்கத் தெரியும், துவக்கின் வாய்க்குள் சந்தனம் அடைத்தவள் என்று. பூசைக்கு எது முன்னால் எது பின்னால் என்று கோயிலில் நான்கு பேர் என்னைக் கேட்டு நடக்கிறார்கள். அவர்கள் முகத்தில் நான் எப்படி முழிக்கிறது?

அடுத்த கிழமை இவர் கண் டொக்டரிடம் போனார். பார்வையில் பெரிய பிழை இல்லை என்று சொன்னார்கள். இவர் நம்பவில்லை, புதுக் கண்ணாடி போட்டார். பிறகு கை நடுங்குகிறதோ என்று குடும்ப டொக்டரிடம் போனார். தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்து பழகினார். சொல்ல மனம் வரவில்லை, துவக்கைத் திருத்திவிட்டால் சொல்லத் தேவையில்லையே என்று யோசித்தேன். துவக்கைப் பூட்டி வைத்த அலுமாரியின் திறப்பு என்னிடம்தான். இவர் கோயிலுக்குப் போன நேரம் துவக்கை எடுத்து நிமிர்த்தி வைத்து, சுடுதண்ணீர் ஊற்றி, குச்சியால் குத்தி, இருந்த சந்தனத்தையும் அதற்குப் பின்னால் இருந்த இரண்டு குண்டையும் எடுத்தேன். இரும்பு கறள் பிடிக்கக் கூடாது என்று நல்லெண்ணெய் விட்டேன். எங்கள் வீட்டில் எந்த இரும்புக்கும் அதுதானே வைத்தியம். ஒரு கரண்டி போதும் என்று தெரியாது. அரைக் கோப்பை விட்டேன்.

அந்த ஞாயிறு இவர் ஒருத்தருக்கும் சொல்லாமல், வெறும் சீரியல் பெட்டி ஒன்றைப் பசளை மூட்டையில் வைத்து, புதுக் கண்ணாடியோடு சுட்டார். நான் மட்டும் நின்றேன். இந்த முறை சத்தம் வந்தது. வீட்டு யன்னல் அதிரச் சத்தம் வந்தது. குழலின் வாயிலிருந்தும் நடுவிலிருந்தும் நீலப் புகை. பெட்டி அசையவில்லை, குண்டு எங்கோ மூட்டைக்குள். புகை கலைந்ததும் இவர் மூக்கை உறிஞ்சினார்.

"இஞ்சரும், உமக்கு ஏதும் மணக்குதோ?"

மணந்தது. நல்லெண்ணெயில் சுட்ட தோசை மாதிரி மணந்தது.

"ஒண்டும் மணக்கேல்லையே," என்றேன். அதுதான் நான் சொன்ன பொய்களுக்குள்ளே மோசமானது.

"எனக்குத் தோசை மணக்குது," என்றார். "கண் போயிட்டுது, கை போயிட்டுது, இப்ப மூக்கும் போயிட்டுது." துவக்கைப் பையில் போட்டு, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை என்னிடம் தந்தார். அதன் பிறகு அந்தத் திறப்பை அவர் கேட்கவில்லை.

பன்றிக் கதையும் அதோடு நின்றது. யாரும் கேட்டால், "சோறு ஆறுது, சாப்பிடுங்கோ," என்பார்.

போன ஞாயிறு வீட்டில் விருந்து. மூத்தவளின் மகளுக்குப் பேசின மாப்பிள்ளை முதல் முறை வந்திருந்தான். சம்பந்தியும் இருந்தார். இந்த முறை ஊசி இல்லாமல், உண்மையான ஆசையோடுதான் கேட்டார். "அண்ணை, தம்பிக்கு அந்தப் பண்டிக் கதையைச் சொல்லுங்கோவன். நீங்கள் சொல்லி எவ்வளவு காலம்."

இவர் பருப்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அதை நான் சுட்டனோ, எங்கட ஐயா சுட்டவரோ, எனக்கு இப்ப சரியா நினைவில்லை."

ஃபாரஸ்ட் கேட் மகள் என்னைப் பார்த்தாள். சாப்பாடு முடிந்ததும் குசினிக்குள் வந்து, "அம்மா, அப்பாக்கு மறதி வந்திட்டுது. ஞாபக மறதி பாக்கிற டொக்டரிட்டைக் காட்டவேணும்," என்றாள். அடுத்தநாளே போன் பண்ணி, எப்படியோ செவ்வாய்க்கிழமைக்கு நேரம் எடுத்துவிட்டாள்.

இவருக்கு ஒரு மறதியும் இல்லை. வடகத்தை நான் எந்த டப்பாவில் ஒளித்து வைக்கிறேன் என்று இன்னும் சரியாகத் தெரியும். ஆனால் சுட ஏலாத ஒருத்தன் முன்பும் சுட்டிருக்க மாட்டான் என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிவிட்டார். கண், கை, மூக்கு, இப்போது தலை. நான் ஒரு விரல் சந்தனத்தால் ஒரு முழு மனுசனைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

முகத்துக்கு நேரே சொல்ல மூன்று நாள் பார்த்தேன். தேநீர் கொண்டுபோவேன். "என்னப்பா?" என்பார். "சீனி காணுமோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். ஐம்பத்து நான்கு வருடத்தில் நான் இவரிடம் பிழை என்று ஒத்துக்கொண்டதில்லை, வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. எழுத்து வரும் என்று பார்த்தேன், வந்திருக்கிறது.

ஆகவே சொல்கிறேன். துவக்கும் நல்ல துவக்கு. சுட்ட கையும் நல்ல கை. பிழை என்னுடையது, ஊதுபத்திக் குச்சி சகிதம். சம்பந்திக்குத் தெரிந்தாலும் தெரியட்டும், எட்மண்டன் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பேத்திக்கு இப்போது பதினைந்து வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். மெதுவாக வாசிப்பாள், ஆனால் ஒரு எழுத்தும் விடமாட்டாள்.

இஞ்சை வா பிள்ளை. அந்தப் போனை வைச்சிட்டு வா. இதை முதல்ல இருந்து வாசி. எனக்கு வாசிக்கிற மாதிரி சத்தமில்லாம வாசியாதை, தாத்தா முன்னறையில இருக்கிறார். போய் ரீவியை நிப்பாட்டிப்போட்டு, கதவை நல்லாத் திறந்து விட்டிட்டு வாசி. நான் இஞ்சை குசினியிலயே நிக்கிறன்.